மண்டையோட்டுப் பலகையிலிருந்து மான் பலகை வரை: வன்னியில் ஒரு கூட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கவென்று நாற்பது மரக்கன்றுகளைப் பொதுநோக்கு மண்டப வாசலில் அடுக்கியிருந்தோம். வேம்பு, மருது, கொஞ்சம் நாவல். முதலாவதாக வந்த அம்மா அவற்றைப் பார்த்தார். ஒன்றும் எடுக்காமல் உள்ளே போய் இருந்துவிட்டார்.

"எடுங்கோ அம்மா, வீட்டில நடத்தான்" என்றான் ஒரு தம்பி.

"எந்த வீட்டில? நான் வைச்ச தென்னையெல்லாம் முள்ளுக்கம்பிக்கு அங்கால நிக்குது. குடத்தில அள்ளி ஊத்தி வளத்தது. இப்ப திரும்பவும் என்னைத்தான் மரம் நடச் சொல்லுறியள்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "கன்று எங்க எடுத்தது?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன். கன்றுகள் இராணுவக் காம்பிலிருந்து வந்தவை. அங்கே நாற்றுமேடை ஒன்று இருக்கிறது, கேட்டால் இலவசமாகத் தருவார்கள். அம்மாவின் தென்னைகள் நிற்பதும் அதே காம்புக்குள்தான்.

சுற்றுச்சூழல் இயக்கத்தையும் போர் எதிர்ப்பு இயக்கத்தையும் ஒரே பாயில் இருத்த வேண்டும் என்று வந்தவர்கள் நாங்கள். அது ஏன் இவ்வளவு காலமும் நடக்கவில்லை என்பதை அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார். இந்தக் குறிப்பு அந்தக் கூட்டத்தைப் பற்றியது, அப்புறம் அதற்குப் பிறகு நடந்த சின்னச் சின்ன வேலைகளைப் பற்றியது. வந்தவர்களின் பெயரோ ஊரோ இதில் வராது. அவர்கள் அங்கேயேதான் சீவிக்க வேண்டும்.

எதற்காகக் கூடினோம்

போரிலும் ஆயுத மோதலிலும் சுற்றுச்சூழல் சுரண்டப்படுவதைத் தடுக்கும் சர்வதேச நாள் என்று நவம்பர் 6 ஐ ஐநா பொதுச்சபை 2001 இல் அறிவித்தது. பலருக்குத் தெரியாத நாள். அந்த நாளில்தான் கூட்டம் வைத்தோம். நவம்பரில் வன்னியில் எந்தக் கூட்டமும் கவனமாகத்தான் வைக்க வேண்டும், மாவீரர் நாள் வருகிற மாதம். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து மதிலுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வந்தவர்கள் நாலு வகை. மரம் நடுகிற, கடற்கரை துப்புரவு செய்கிற இளையோர். காணிக்காகத் தெருவோரத்தில் கொட்டில் போட்டு இருந்த பெண்கள். கமக்காரர் அமைப்பைச் சேர்ந்த மூன்று ஐயாமார். மிதிவெடி அகற்றும் வேலை செய்கிற ஒரு அக்கா.

வன்னியில் 'போர் எதிர்ப்பு இயக்கம்' என்ற பெயரில் எதுவும் கிடையாது. இருப்பது காணிப் போராட்டமும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய போராட்டமும். 2017 அப்படியான ஆண்டு. ஜனவரி 31 இல் பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமுக்கு முன்னால் குந்தினார்கள், மார்ச் 1 இல் காணி கிடைத்தது. அன்றைக்கே கேப்பாப்புலவில் அடுத்த போராட்டம் தொடங்கியது. இடையில் பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தாய்மார் இருந்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 23 இல் இரணைதீவு மக்கள் தாங்களே படகேறிக் கடற்படை வைத்திருந்த தீவில் போய் இறங்கினார்கள். இவர்களில் ஒருவரும் தங்களை 'அமைதி இயக்கம்' என்று சொன்னதில்லை. ஆனால் இராணுவம் நிலத்தை விட்டுப் போக வேண்டும் என்று வெயிலில் இருந்து கேட்டவர்கள் இவர்கள்தான்.

இளையோர் ஒரு கணக்கோடு வந்திருந்தார்கள். உலகத்து இராணுவங்கள் எல்லாம் சேர்ந்து வெளிவிடும் பசுங்குடில் வாயு மொத்தத்தில் ஏறத்தாழ 5.5 சதவீதம் என்று பிரித்தானியாவிலுள்ள இரண்டு அமைப்புகள் 2022 இல் மதிப்பிட்டன. விமானப் போக்குவரத்தையும் கப்பல் போக்குவரத்தையும் ஒன்றாகக் கூட்டினால் வருகிற அளவு கிட்டத்தட்ட அது. மதிப்பீடு என்றுதான் சொல்ல முடியும், கணக்குக் காட்ட வேண்டியவர்கள் காட்டுவதில்லை. 1997 இல் கியோட்டோவில் காலநிலை உடன்பாடு எழுதப்பட்டபோது அமெரிக்கா நின்று பிடித்து, சர்வதேசக் கப்பல், விமான எரிபொருளும் பல நாட்டுப் படை நடவடிக்கைகளும் எந்த நாட்டின் கணக்கிலும் ஏறாதபடி பார்த்துக்கொண்டது. 2015 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு அந்த விலக்கு இல்லை, ஆனால் சொல்வதும் விடுவதும் அந்தந்த நாட்டின் விருப்பம். ஐநாவின் காலநிலை அறிக்கைப் படிவத்தில் இராணுவ எரிபொருளுக்குரிய இடம் '1.ஏ.5', தலைப்பு 'இதர'. கோவில் கணக்கில் பெரிய செலவொன்றைச் 'சில்லறை' என்று எழுதுவது போல.

உக்ரைன் போரின் முதல் மூன்று வருடத்தில் வெளியான பசுங்குடில் வாயு சுமார் 23 கோடி டன். 2024 இல் உலக இராணுவச் செலவு 2.7 டிரில்லியன் டொலர். அதே ஆண்டு பாகுவில் கூடிய காலநிலை மாநாடு, ஏழை நாடுகளுக்கு 2035 க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் டொலர் திரட்டுவோம் என்று கைதட்டிக் கலைந்தது.

தம்பி நன்றாகத்தான் சொன்னான். மண்டபத்தில் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு ஐயா கேட்டார்: "சரி தம்பி, ஐஞ்சரை வீதம். அதில எங்கட பங்கு எவ்வளவு?"

பதில் இல்லை. கூட்டம் முதல் தடவை அங்கே சறுக்கியது. அந்தக் கேள்வியில் நான் கன நாள் நின்றேன்.

வேறு இடங்களில் இந்த இரண்டு இயக்கங்களும் சேர்ந்திருக்கின்றன, புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. 1958 இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அணுகுண்டுச் சோதனையில் காற்றில் கலந்த ஸ்ட்ரோன்சியம்-90 புல்லில் இறங்கி, மாட்டில் ஏறி, பால்வழியாகப் பிள்ளையின் பல்லுக்குள் இருந்தது. 1963 இல் வளிமண்டலச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் வந்ததற்கு அந்தப் பற்களும் ஒரு காரணம். 1971 இல் வான்கூவரிலிருந்து அம்சிட்கா தீவின் அணுகுண்டுச் சோதனையை மறிக்கப் புறப்பட்ட படகிலிருந்துதான் கிரீன்பீஸ் பிறந்தது. பசுமையும் அமைதியும் பெயரிலேயே ஒட்டிக்கிடக்கிற அமைப்பு. ஆக, அங்கே சேர்த்துவைத்தது சதவீதக் கணக்கு அல்ல, ஒரு பல்.

எங்களிடம் பல்லுக்குப் பதிலாக எது இருக்கிறது?

பனையும் பங்கரும்

மிதிவெடி அகற்றும் அக்கா பேசத் தொடங்கியதும்தான் ஐயாமார் நிமிர்ந்து இருந்தார்கள். அவர் பனையிலிருந்து தொடங்கினார்.

பங்கர் வெட்டாத குடும்பம் வன்னியில் இல்லை. ஆள் இறங்குகிற அளவுக்குக் குழி, வாசல் எல் வடிவில் திரும்ப வேண்டும். மேலே பனங்குற்றிகளைக் கிடத்தி அதன்மேல் மண்மூட்டை. 2009 இல் சாக்கு முடிந்துபோய்ச் சேலைகளைத் தைத்து மண் அடைத்தார்கள், கூறைச் சேலை உட்பட. கிளிநொச்சியில் ஒரு பங்கர், தருமபுரத்தில் இன்னொன்று, விசுவமடுவில், புதுக்குடியிருப்பில், மாத்தளனில். இடம்பெயரும் ஒவ்வொரு இடத்திலும் மரம் விழுந்தது. சனத்தின் பங்கருக்கு விழுந்ததைப் போல பல மடங்கு இரண்டு பக்கக் காவலரண்களுக்கும் விழுந்தது.

தறித்த பனையைவிட மோசம் மொட்டைப் பனை. பனைக்கு ஒரே ஒரு குருத்து. தென்னையும் அப்படித்தான். வேம்பு கிளை முறிந்தால் பக்கத்தில் துளிர்க்கும், பனையின் தலையில் செல், அதாவது எறிகணை, பட்டால் அதோடு சரி. ஆனால் உடனே விழாது. போர் முடிந்து வருடக்கணக்காக முகமாலைப் பக்கம் ஏ9 வீதியோரத்தில் தலையில்லாத பனைகள் தந்திக்கம்பம் போல நின்றதைப் பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். வடலி ஒன்று பாளை விட ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் முடிக்கிற காலம் வேண்டும். தப்பிய மரங்களுக்கும் மதிப்புக் குறைவு. செல் துண்டு ஏறிய மரத்தை ஆலைக்காரர் தொடமாட்டார், வாள்பல்லுப் போய்விடும்.

அப்புறம் மண். அக்கா செய்கிற வேலையை அவர் கையால் காட்டினார். ஒரு மீற்றர் அளவு அகலத்தில் ஒரு ஓடை, இரண்டு பக்கமும் குச்சி. முகத்துக்குக் கவசம், நெஞ்சுக்குக் கவசம், முழங்காலில் இருப்பு. பற்றையை முதலில் நுனியிலிருந்து துண்டுதுண்டாக வெட்டி அள்ளுவது. பிறகு நீளக் கைப்பிடி வைத்த வறுகி. முன்னால் உள்ள மண்ணைப் பக்கவாட்டாக மெல்ல வறுகி வறுகி இழுத்து, மிதிவெடி புதைத்திருக்கக்கூடிய ஆழம் வரை முழுவதையும் புரட்டுவது. நாள் முழுக்கச் செய்தால் ஒரு சின்ன அறை அளவு நிலம். வருவது சில நேரம் பாகிஸ்தான் தயாரிப்பான பி4, இராணுவம் புதைத்தது. சில நேரம் ரங்கன் 99 அல்லது ஜொனி 95, புலிகள் செய்தது. "கால் வைச்சால் ரெண்டும் ஒண்டுதான்" என்றார்.

"மேல்மண் கீழ, கீழ்மண் மேல. என்ன?" என்று குறுக்கே கேட்டார் அதே ஐயா.

"ஓம் ஐயா."

"அதுதான் மரவள்ளி கூட விளங்குதில்லை."

அவர் கேட்ட பங்கு என்ன என்பதற்கு அவரே சொன்ன பதில் அது. உலகக் கணக்கில் எந்த வரியிலும் வராத ஒன்று. வெடி எடுத்த நிலத்தின் மேல்மண் முதல் மழையிலேயே வாய்க்காலுக்குப் போகிறது. உக்கல் இல்லாத மண் ஈரம் பிடிக்காது. பெரும்போக மழை ஒரே அடியாகக் கொட்டி, பிறகு நாட்கணக்கில் காய்கிற இந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்று கமக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் வான்பாய்ந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளத்தில் மிதந்ததும், 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் மாடுகள் பட்டியிலேயே விறைத்துச் செத்ததும் எல்லாருக்கும் ஞாபகம். அவற்றைப் போர் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை. போர் இந்த நிலத்தின் தாங்கும் சக்தியை முதலே உருவிவிட்டது, வெள்ளமும் குளிரும் அதன்மேல் வந்து விழுந்தன.

குளத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2009 ஜனவரியில் கல்மடுக்குளத்தின் கட்டு உடைக்கப்பட்டது. முன்னேறிவந்த இராணுவத்தைத் தடுக்கப் புலிகள் உடைத்தார்கள் என்பதுதான் பதிவு. அதை ஒரு இளைஞன் எடுத்தபோது காணிப் போராட்டப் பெண்களில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவனைத் தடுக்கவில்லை. இராணுவமயத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டு ஒரு பக்கத்துத் துவக்கை மட்டும் எண்ணினால், கமக்காரர் அமைப்பு ஐயாமாரே எங்களை நம்பமாட்டார்கள். அது அவர்களுடைய குளம்.

இலங்கை மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் 2017 டிசம்பர் 13 இல் சேர்ந்தது. அது 2018 ஜூன் 1 இல் நடைமுறைக்கு வந்தது, துப்புரவாக்கப் பத்து வருடத் தவணை. அக்கா கடைசியாகச் சொன்னதுதான் மண்டபத்தை இரண்டாகப் பிளந்தது. "ஆக்கள் போகாமல் விட்ட மிதிவெடிக் காணியெல்லாம் இப்ப காடு. நாங்கள் வெடி எடுக்கிறதெண்டால் முதல் காட்டை வெட்டோணும்."

பச்சைப் பலகை

"காட்டை வெட்டக் கூடாது" என்று ஒரு பிள்ளை சட்டென்று சொன்னாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

தென்னை அம்மா அவளிடம் கேட்டார்: "நாங்கள் திரும்பி வராததாலதானே பிள்ளை அது காடு?"

வன்னியில் சுற்றுச்சூழல் என்ற சொல் ஒரு வாகனத்தில் ஏறித்தான் வந்தது, அந்த வாகனம் திணைக்களத்துடையது. முதலில் காணியில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை, 'மிதிவெடி கவனம்'. பிறகு சில இடங்களில் இராணுவப் பலகை. அதுவும் போனால் எல்லைக்கல்லும் பச்சைப் பலகையும், சில நேரம் ஒரு மான் படம். 2015 ஜூனில் சுண்டிக்குளமும் மடு வீதிச் சரணாலயமும் தேசியப் பூங்காக்களாகின. 2017 ஜனவரியில் நந்திக்கடல் இயற்கை ஒதுக்கிடமானது. நந்திக்கடலில் இறால் பிடித்து வளர்ந்தவர்களுக்கும், 2009 மே மாதத்தில் அந்தத் தண்ணீரைக் கடந்து வந்தவர்களுக்கும், அந்த வர்த்தமானி எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் எங்கள் எல்லாருக்கும் கசக்கிற உதாரணம் முசலி. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார் மாவட்டத்து மரிச்சுக்கட்டியும் கரடிக்குளியும் அதில் அடக்கம். 2009 க்குப் பிறகு அவர்கள் திரும்பத் தொடங்கியபோது ஏறத்தாழ இருபது வருடக் காடு வளர்ந்திருந்தது. 2012 ஒக்டோபரில் அந்தப் பகுதிகள் ஒதுக்குக்காடுகளாக அறிவிக்கப்பட்டன, 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு. தெற்கில், பக்கத்துத் தேசியப் பூங்காவின் பெயரில், 'வில்பத்துவைக் காப்போம்' என்ற பெரிய இயக்கம் எழுந்தது. காடு வெட்டப்பட்டது உண்மை, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் படங்களைப் பகிர்ந்த பல்லாயிரம் பேரில் எத்தனை பேர் அந்தக் காட்டின் வயது என்ன, ஏன் அந்த வயது என்று கேட்டார்கள்? நானும் பகிர்ந்தவன்தான், சொல்லிவிடுகிறேன்.

இது வன்னிக்கு மட்டும் வந்த வினை இல்லை. புவேர்ட்டோ ரிக்கோவின் வியேக்கஸ் தீவை அமெரிக்கக் கடற்படை குண்டுப் பயிற்சிக்கு வைத்திருந்தது. 1999 ஏப்ரல் 19 இல் குறிதவறிய குண்டு ஒரு காவலாளியைக் கொன்றது. சனம் பயிற்சி நிலத்துக்குள்ளேயே கொட்டில் போட்டு இருந்தது. 2003 மே 1 இல் கடற்படை போனது. காணியில் பெரும்பகுதி சனத்துக்கு வரவில்லை, வனவிலங்குச் சரணாலயமாகிவிட்டது. எங்கள் கடலிலேயே இன்னொன்று: சாகோஸ் தீவுகள். டியேகோ கார்சியாத் தீவின் அமெரிக்கப் படைத்தளத்துக்காக 1968 முதல் 1973 வரை அங்கிருந்த மக்கள் அத்தனை பேரையும் பிரித்தானியா அகற்றியது. 2010 ஏப்ரல் 1 இல் தளம் இருக்கிற அதே கடலைச் சுற்றி மாபெரும் கடல் பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. அப்படி அறிவித்தால் மக்கள் திரும்பி வருவது கடினமாகும் என்று அதிகாரி ஒருவர் சொன்னது விக்கிலீக்ஸ் கசிவில் வெளிவந்தது. 2015 இல் சர்வதேசத் தீர்ப்பாயம் அந்த வலயம் கடற்சட்டத்துக்கு முரண் என்றது.

பவளப்பாறையைக் காக்கிறவன் தளத்தைப் பற்றிப் பேசமாட்டான். தளத்தை எதிர்க்கிறவனுக்குப் பவளப்பாறை எதிரி. இரண்டு பேரும் பேசாமல் இருக்கும்வரை வேலிக்கு ஒரு சேதமும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "காம்ப் இருக்கிற காடுதான் மிஞ்சினது, காம்ப் எடுத்த இடத்தில முதிரை, பாலை மரமெல்லாம் ஒரே மாதத்தில லொறியேறிப் போட்டுது" என்றான் மரம் நடுகிற இன்னொரு தம்பி. உடனே ஒரு ஐயா, "அவையின்ர காலத்தில ஒரு கம்பு வெட்டேலாது, தண்டனை" என்றார், புலிகளின் காலத்தை நினைத்து. இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்: துவக்கு இருந்தால் காடு தப்பும். மரக்கடத்தலும் ஆற்றுமணல் அகழ்வும் கண்ணுக்கு முன்னால் நடக்கும்போது அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த நினைப்போடு போர் எதிர்ப்பையும் சூழல் பாதுகாப்பையும் சேர்க்க முடியாது. காட்டைக் காவல் காக்க ஊரிடம் காணி உறுதி இருந்ததா, ஊர் ஊராக இருக்க விடப்பட்டதா என்று பார்க்காமல் துவக்கை மட்டும் மதிப்பெண் போடுகிற கணக்கு அது.

மன்னார்க்காரர் ஒருவரும் வந்திருந்தார். அவர் கதை வேறு. அங்கே 103.5 மெகாவாட் தம்பபவனிக் காற்றாலைகளுக்குப் பிறகு இன்னும் கோபுரங்கள் வேண்டாமென்றும் கனிய மணல் அகழக் கூடாதென்றும் சனம் தெருவில் நின்றது. அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது, ஆனால் வேறு கோபுரங்களுக்கு எதிராக அதே ஆண்டு ஓகஸ்டில் போராட்டம் திரும்பவும் பெரிதானது. காலநிலைக்கு நல்லது என்று கொழும்பு கொண்டுவருவது எல்லாம் ஊருக்கு நல்லதாக இருக்காது என்பதை வன்னி முதலே அறிந்து வைத்திருக்கிறது. காபன் கணக்கோடு போய் நின்ற எங்களை அவர்கள் ஏன் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

சீமெந்துக் கணக்கு

ஐயாவின் கேள்வியை விடக்கூடாது என்று ஒரு கிழமை கழித்து நான் இருந்து எழுதிய கணக்கு இது. காம்புக்குள் போகிற எரிபொருள் பவுசரை எண்ண எனக்கு வழியில்லை. வீட்டை எண்ணலாம்.

ஒரு டன் சீமெந்து செய்தால் சுமார் 600 கிலோ காபனீரொட்சைட்டு. அப்படியென்றால் 50 கிலோப் பை ஒன்றுக்கு 30 கிலோ. சின்ன வீடொன்றுக்கு, கிணறு கட்டுவதையும் சேர்த்து, 200 பை என்று வைப்போம். 6 டன். ஒரு இலங்கையரின் ஓராண்டுப் பங்கு ஏறத்தாழ 1 டன். வன்னியில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த வீடு முதல் வீடு இல்லை. 2002 சமாதான காலத்தில் ஒன்று கட்டியிருப்பார்கள், 2009 க்குப் பிறகு இந்திய வீட்டுத் திட்டத்திலோ வேறொன்றிலோ இன்னொன்று. போரில் உடைந்த வீட்டை மறுபடி கட்டிய காபன் எந்த இராணுவத்தின் பெயரிலும் பதிவாவதில்லை. அது கட்டட வேலைத் துறையின் கணக்கில் அபிவிருத்தி என்று ஏறும். உடைத்தவன் பட்டியலில் இல்லை, கட்டினவன் இருக்கிறான்.

அடுத்த கணக்கு ஆட்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் மட்டும் குறைந்தது 60,000 படையினர், இரண்டு பொதுமக்களுக்கு ஒரு இராணுவத்தினர் என்று அடையாளம் கொள்கை ஆய்வு மையமும் பேர்ள் அமைப்பும் 2017 இல் மதிப்பிட்டன. இராணுவத்தை 2030 க்குள் ஒரு லட்சமாகக் குறைப்போம் என்று 2023 ஜனவரியில் அரசே அறிவித்தது. நாடு வங்குரோத்தான பிறகு வந்த 2023 வரவுசெலவுத் திட்டத்திலும் பாதுகாப்புக்கு 410 பில்லியன் ரூபா. இவ்வளவு பேரும் சாப்பிட, விளக்கெரிக்க, வாகனம் ஓட ஒரு ஊரின் எரிபொருள் வேண்டும், ஒரு ஊரின் தண்ணீர் வேண்டும், ஒரு ஊரின் காணி வேண்டும். எந்த ஊரினது என்பதுதான் அம்மாவின் கேள்வி.

கணக்கைக் கொண்டுபோய் ஐயாவிடம் வாசித்தேன். கேட்டுவிட்டு, "கிணறு ரெண்டு தரம் வெட்டினனான், அதையும் போடு" என்றார். போட்டேன்.

சம்பளம்

இரண்டாவது கூட்டத்துக்குக் குறைவாகத்தான் வந்தார்கள். மரக்கன்று இல்லை, சுலோகம் இல்லை, தேத்தண்ணியும் பணிசும் மட்டும். அதில்தான் நாங்கள் எதிர்பாராத ஒருவர் பேசினார். பாதுகாப்பு அமைச்சைச் சேர்ந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் முன்பள்ளியில் படிப்பிக்கிற பிள்ளை. அவருடைய தமையன் அதே திணைக்களத்தின் பண்ணையில் வேலை. வன்னியில் போருக்குப் பிறகு வேலை கேட்ட எத்தனையோ பேருக்கு, முன்னாள் போராளிகள் உட்பட, கிடைத்த ஒரே மாதச் சம்பளம் அங்கேதான்.

"நீங்கள் சொல்லுறது விளங்குது அண்ணா. காம்ப் போகோணும் எண்டுதான் அம்மாவும் சொல்லுறா. ஆனா காம்ப் போனா அண்ணாவின்ர சம்பளம் ஆர் தருவினம்? நீங்களே?"

இந்தக் கேள்விக்கு உலகத்து எந்த இராணுவ எதிர்ப்பு இயக்கத்திடமும் சுலபமான பதில் கிடையாது. ஆயுதத் தொழிற்சாலை உள்ள ஊர்களிலும் இதே கேள்விதான். பண்ணையை மூடு என்று கேட்காமல், பண்ணையைக் கமநலத் திணைக்களத்தின் கீழோ கூட்டுறவிலோ கொண்டுவா, முன்பள்ளியை மாகாணக் கல்வியின் கீழ் கொண்டுவா, ஆளையும் சம்பளத்தையும் அப்படியே வைத்துக்கொள் என்று கேட்கலாம் என்றார் மிதிவெடி அக்கா. அவருக்கும் அது சொந்தப் பிரச்சினை. வெடி முடிந்தால் அவருடைய வேலையும் முடிந்தது. "பனை நடுறதுக்கு எங்களை எடுக்கட்டும். எந்த இடத்தில என்ன கிடந்தது எண்டு எங்களுக்குத்தான் தெரியும்." பிள்ளை தலையாட்டவில்லை, ஆனால் எழும்பிப் போகவும் இல்லை.

அன்றைக்கு முடிவானவை கொஞ்சம்தான். இளையோர் காம்பில் கன்று எடுப்பதை நிறுத்துவார்கள். அதில் ஒருவன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, கன்று என்ன பாவம் செய்தது என்றான். பனங்கொட்டையை ஊரிலேயே பொறுக்கிப் பாத்தி போடுவது. காணிப் பெண்கள், திரும்பக் கிடைக்கும் காணியில் நிற்கும் பெருமரங்களைத் தறிக்காமல் எல்லை பிரிப்பது பற்றித் தங்களுக்குள் பேசுவார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம். எரிபொருளைக் கேட்டால் பாதுகாப்பு என்று சொல்லித் திருப்பிவிடுவார்கள் என்பதால் ஏக்கரைக் கேட்பது. இந்தப் பிரதேச செயலகப் பிரிவில் படைகளிடம் எத்தனை ஏக்கர், வனத்திணைக்களத்திடமும் வனசீவராசிகளிடமும் எத்தனை ஏக்கர், இரண்டு பட்டியலிலும் வருகிற துண்டுகள் எவை. ஒரே கடிதத்தில் மூன்று கேள்வி. சூழல் பிள்ளையும் காணி அம்மாவும் ஒரே தாளில் கையெழுத்து வைத்தார்கள். 2016 இன் 12 ஆம் இலக்கச் சட்டப்படி 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று சொல்ல வேண்டும். கடிதத்தைக் கொடுத்தபோது, "ரெண்டு விஷயத்தை ஏன் ஒண்டாக் கேக்கிறியள்?" என்று கேட்டாராம் அங்கிருந்தவர்.

தென்னை

பதிலுக்குக் காத்திருக்கிற இடைவெளியில் அம்மா ஒரு வேலை வைத்தார். தன் தென்னைகளை எண்ண வேண்டும்.

ஒரு ஞாயிறு பின்னேரம் நாங்கள் ஐந்து பேர் வீதியோரமாக, முள்ளுக்கம்பியிலிருந்து பத்தடி தள்ளி நடந்தோம். அம்மா, பல்கலைக்கழகப் பிள்ளை, மிதிவெடி அக்கா, தம்பி, நான். பிள்ளையிடம் கொப்பி. உள்ளே கூட்டிப் பெருக்கிய முற்றம், வெள்ளையடித்த கற்கள், வரிசையாகக் குரோட்டன். அதற்குப் பின்னால் அம்மாவின் காணி. கிணற்றுக்கட்டு மட்டும் தெரிந்தது, துலாவைக் காணவில்லை. தென்னைகள் நன்றாகத்தான் நின்றன, அடியில் உரிமட்டை கூடப் போட்டிருந்தது. அம்மாவுக்கு அதுதான் கோபம் போல.

"இருபத்தேழு" என்றார் அம்மா.

பிள்ளை விரலை நீட்டி நீட்டி எண்ணினாள். பத்தொன்பது. இன்னொரு தரம் எண்ணினாள். பத்தொன்பதுதான்.

"மிச்ச எட்டும்?"

"அந்தா, அந்தக் கட்டடம் நிக்கிற இடத்தில அஞ்சு. ரெண்டு செல் பட்டுப் போனது, அதை நானே கண்டனான். ஒண்டு நாங்கள் பங்கருக்குத் தறிச்சது." கொஞ்சம் யோசித்தார். "அதையும் எழுது. எல்லாத்தையும் எழுது."

காவலரணிலிருந்து ஒரு பெடியன் இறங்கி வந்தான். இருபது வயதிருக்கும். உடைந்த தமிழில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான்.

"தென்னை எண்ணுறம் தம்பி" என்றார் அம்மா.

அவன் திரும்பி மரங்களைப் பார்த்தான். அவனும் எண்ணுகிறான் போலிருந்தது.